முருங்கையை வெட்ட வந்தவர்கள்

புறவாசல் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி.
வெட்டித் தள்ளத்தான் வந்தார்கள் மூவரும்;
அருவாளைச் சுவரில் சாத்தியதோடு சரி.

'சொதிக்கு இஞ்சித் துவையல்தாம்வே சோடி'
என்றான் ஆவுடையப்பன்.
எட்வினுக்கு வேறு கவலை:
தொட்டியில் வளர்க்கும் மீன்
பதினோரு குட்டி போட்டு
ஒன்பதைத் தானே தின்றுவிட்டதாம்.
'தொட்டுக்கிட ஏதும் குடுத்தியாவே?'

மைதீன் மட்டும் கைலியை மடித்துக் கட்டி
கோரைப்புல்லை ரெண்டு கொத்துக் கொத்தினான்.
அப்புறம் மண்வெட்டிக் காம்பிலேயே உட்கார்ந்து
'மொதப் பாலை எப்பம் ஊத்தணும்?' என்றான்.

'எறக்கும்போது.'
'எறக்கின பொறவு.'

பெருமாள்புரத்துக்கே கரண்டு போய் வந்தது.

அருவாள் பிடியில் ஒரு பூச்சி
பாதி தூரம் ஏறியிருந்தது.
வர்ற ஞாயிறு பார்ப்போம் என்று
மரத்திடமே ஆளுக்கு நாலு காய்
வாங்கிக்கொண்டு போனார்கள்,
சொதிக்கு.