கல்லின் நிழல்

கிளாக்ஸ்விக். ஜன்னலில் ஆலங்கட்டி.
ஹானுஸின் விலாவுக்குக் கீழே குளிர்ந்த ஜெல்.
"எதற்கு இந்தக் கொழகொழப்பு?"
இம்மி காற்று இடையில் நின்றாலும்
ஒலி தோல்வாசலிலேயே திரும்பிவிடும் என்கிறேன்.

மனிதக் காதுக்கு எட்டாத ஒலி.
போய்வந்த நேரத்தில் பாதி, அதன் ஆழக்கணக்கு.
ஈரல், நனைந்த சாம்பல் மணல்.
பித்தப்பை கருப்பு:
பித்தநீர் எதையும் திருப்பித் தருவதில்லை.
அதன் அடியில் ஒரு வெண்பிறை,
பிறைக்குக் கீழே
வால்போல் நீளும் இருட்டு.

முப்பது வருடம் எதிரொலித் திரை பார்த்துக்
காட் மீனுக்கு வலை போட்டவர்
எனக்கு முன்பே சொல்லிவிட்டார்:
"பாறை. கீழே இருப்பது அதன் நிழல்."

பதினோரு மில்லிமீட்டர் என்று குறித்தேன்.
இடப்பக்கம் திரும்பிப் படுங்கள் என்றேன்.
வெண்பிறை மெல்ல உருண்டு
பையின் மறுகரைக்குப் போயிற்று.

ஹானுஸ் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.
"நகர்கிறதே.
அப்படியென்றால் வலையில் வரும்."