வாலடியில் பால்

புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.
முதுகு பொய் சொல்லும்,
பச்சையும் ஆரஞ்சுமாய்ப் புள்ளி வைத்து
கடை வாசலில் தொங்கும் துணி போல.
வாலடித் தோல் மட்டும் கண்ணாடி.
நேற்றுவரை அதற்குள் சதை தெரிந்தது.
இன்று பால்.

சுவான் தாய் விரிகுடாவில் விடிய இன்னும் நேரமிருக்கிறது.
ஏழாம் கூண்டு.
நாற்பத்தொரு சிங்கி இறால், பதினான்கு மாதம்,
கட்டாத வங்கித் தவணை மூன்று.
முந்தாநாள் போட்ட மத்தி
கண் வெளுத்துக் கிடக்கிறது, கடி படாமல்.

இவற்றின் ரத்தத்தில் இரும்பில்லை, செம்பு.
ஊசியில் இழுத்தால் தண்ணீர் மாதிரி இருக்கும்,
காற்றுப் பட்டதும் இலேசாய் நீலம் ஓடும்,
கொஞ்சம் பொறுத்தால் உறையும்.
இந்தச் சொட்டைத் தகட்டில் வைத்து
ஒரு சிகரெட் தீரும் மட்டும் காத்திருந்தேன்.
சாய்த்தால் ஓடியது.

அணுவுக்குள் நுழைந்து பெருகுவது அது
என்றாள் ஆய்வகத்து லியூ.
கடைசிக் காலின் அடியில் மருந்தை ஏற்றச் சொன்னாள்,
ஒவ்வொன்றுக்கும். ஒவ்வொன்றுக்கும்!
முள்ளுக்கு முள் என் விரலில் ரத்தம்,
என் ரத்தம், சிவப்பு.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்:
கரீபியன் பக்கம் இதன் பங்காளி இனம் ஒன்று இருக்கிறதாம்.
ஒரே பொந்தில் கொம்போடு கொம்பு இடித்துக் கிடக்கும் பிராணி.
ஆனால் ஒன்றுக்கு வைரஸ் கண்டுவிட்டால்
உடம்பில் எதுவும் தெரிவதற்கு முன்பே
மற்றவை மோப்பம் பிடித்து
இருட்டில் எழுந்து போய்விடுமாம்.

நான் கூண்டைப் பார்த்தேன்.
மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் வலை.
போன வாரமே பார்த்தேன் அதை:
எல்லாம் இரண்டு மூலையில் குவிந்திருக்க
நடுவில் ஒன்று, காலை மடக்கிக்கொண்டு.
சண்டை என்று நினைத்தேன்.
இன்னும் கொஞ்சம் மீன் போட்டேன்.

குஞ்சாய் வந்தபோது
விரல் நுனி நீளம்.
அதற்கும் முன்னால் தட்டையாய், இலையாய்,
ஆழ்கடலில் பல மாதம் மிதந்தவை;
கரை தேடிய கடைசி நீச்சலில்
ஒரு வாய் தின்னாமல் வந்தவை.
விளக்கு கட்டி வலை வைத்த தோவாய்
எண்ணி எண்ணி என் வாளியில் விட்டான்.
முழு உடம்பும் ஊடுருவித் தெரிந்தது அப்போது.
கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி.

இன்று தோவாயின் மிதவை இருந்த இடத்தில் தண்ணீர்.
நான்கு நங்கூரத்தையும் இரவோடு இரவாய்த் தூக்கி
நீரோட்டத்துக்கு மேல்பக்கம் போய்விட்டான்.
நாய் கூடக் குரைக்கவில்லை.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருந்தால் நானே கயிறு பிடித்திருப்பேன்,
பிடித்திருப்பேனா, தெரியவில்லை.

எட்டு மணிக்கு வியாபாரி கீன் வந்தான், தராசோடு.
ஆறாம் கூண்டு, என்றேன்.
ஏன் இவ்வளவு சீக்கிரம், என்றான். எடை வரவில்லையே.
பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம், என்றேன்.
அவளுக்குப் பள்ளி முடிந்து நான்கு வருஷம்.

ஒவ்வொன்றாய்ப் புரட்டினான். கண்ணாடி. கண்ணாடி.
நானும் கூடவே குனிந்து பார்த்தேன்
அவனைவிடக் கிட்டத்தில்.
ஓடு உரித்து இரண்டு நாள் ஆன ஒன்று மட்டும்
அவன் கையில் மெழுகாய் அமுங்கியது.
இரைப்பைப் பல்லைக்கூடப் பழைய ஓட்டோடு கழற்றிப் போட்டுவிட்டு
எதுவும் இறுகாத உடம்போடு
கொம்பின் வேரைக் கண்ணுக்கடியில் உரசி
கீச்சென்றது.
ஈரக் கையால் பலூனைத் தேய்த்த சத்தம்.

இது வேண்டாம், வழியில் செத்துவிடும்,
என்று என்னிடமே கொடுத்தான்.

முப்பத்தெட்டு கிலோ.
நோட்டில் எழுதினேன்.
இடது கையில் அது
இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
எந்தக் கூண்டில் விடுவது என்று
நின்றுகொண்டிருந்தேன்.