அரை அங்குலம்

மொந்தேவிடேயோவில் புதன்கிழமை பாதி விலை.
ஜூலைக் குளிரில் வேலைப்பெட்டியோடு நேராக வந்துவிடுவேன்.
கிரீஸ் மணக்கும் விரல்களால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு
ஆறாம் வரிசை, ஓர இருக்கை.
இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
அந்த உரிமையில் சொல்கிறேன்:
இப்போது வருகிற சிரிப்புப் படங்களுக்குக்
கதவு சரியில்லை.

கதவு திறந்தால் மூன்று விநாடி சும்மா நிற்க வேண்டும்.
ஆள் உள்ளே வர வேண்டாமா?
இவர்கள் ஒரு ஜோக்கைத் திறந்த கையோடு மூடி
அடுத்ததைத் திறக்கிறார்கள்.
என் சிரிப்பின் கோட்டு நுனி இடுக்கில் சிக்கி
நான்கு மாடி இழுபட்டுப் போகிறது.

அப்புறம் பொழிப்புரை.
ஒருவன் வேடிக்கையாக ஒன்று சொல்வான்.
"இப்ப நீ என்ன சொன்னே?" என்பான் பக்கத்திலிருப்பவன்.
மூன்றாமவள் புருவம் தூக்குவாள்.
அப்போதும் நம்மேல் நம்பிக்கை வராமல்
பின்னணியில் ஒரு குழல் புர்ரென்று ஊதும்.

எல்லோரும் புத்திசாலிகள் வேறு.
பீட்சா கொண்டுவருகிறவன் புத்திசாலி,
ஐந்து வயதுப் பிள்ளை புத்திசாலி,
நாய்கூட நக்கலாகத்தான் பார்க்கிறது.
விழுந்து விழுந்து சிரிக்கச் சொல்கிறது போஸ்டர்.
திரையில் முதலில் யாராவது
விழட்டுமே!

கடைசி இருபது நிமிடம் விமான நிலையத்தில் ஓடுகிறார்கள்.
அப்பாவை மன்னிக்கிறார்கள்.
நூற்றெண்பது பேசோ கொடுத்து
நான் அப்பாவை மன்னிக்கவா வந்தேன்?
அவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்,
நடந்துபோயே மன்னித்துக்கொள்வேன்.

"உனக்கு வயசாயிடுச்சு" என்றான் வில்மார்,
அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தேக் குடுவை.
அவன் படம் பார்ப்பது பஸ்ஸில்,
கைபேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில்.
"அழுகிற காட்சியையும் அப்படித்தான் ஓட்டுவியா?" என்றேன்.
அவன் மனைவி மார்ச்சில்தான் பெட்டியோடு போயிருந்தாள்.
கேட்டிருக்கக் கூடாது.
குடுவையைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.
ரொம்பக் கசப்பு. குடித்தேன்.

போன புதன் ஒரு படம்.
அரங்கில் ஒன்பது பேர்.
வங்கி வேலை போனதை வீட்டில் சொல்லாத ஒருவன் கதை.
முதல் ஒரு மணி நேரம் அரைத்த மாவு,
சிரித்தது நடிகர்கள் மட்டும்.
பிறகு அவன் காலை எட்டே காலுக்கு
ஏதோ பூங்கா ஓரம் காரை நிறுத்தி
மனைவி கட்டித்தந்த மதியச் சாப்பாட்டைத் திறந்தான்.
இசை இல்லை. பேச்சு இல்லை.

எனக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள்.
ஒரே ஒரு தடவை, விக்கல் மாதிரி.
சோகக் காட்சியில் சிரிக்கிறாளே என்று முறைத்தேன்.
கம்பளித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.
திரும்பிப் பார்த்தால் திரையில் அவன்
சட்டைக் கழுத்தில் காகிதக் கைக்குட்டை சொருகியிருந்தான்.
கறை படக் கூடாதாம்,
இல்லாத ஆபீஸுக்குப் போகிற சட்டையில்.

எனக்கு அது நாலு நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.
மனைவி அழுதுகொண்டிருந்தாள் அப்போது.
நான் கொல்லென்று சிரித்தேன்.
எட்டுப் பேரும் என்னை முறைத்தார்கள்,
அந்தப் பெண் உட்பட.

படம் உருப்படி இல்லை, அதில் மாற்றமில்லை.
அவனும் முடிவில் விமான நிலையத்தில் ஓடினான்.
ஆனால் அந்த ஒரு கைக்குட்டை
தளம் தவறி நிற்கிற லிஃப்ட் போல
அரை அங்குலம் பிசகியிருந்தது.
இயக்குநர் வேண்டுமென்றே வைத்தானா,
அசந்துவிட்டானா, தெரியவில்லை.

வியாழன் காலை எச்செவெரி அம்மாள் கூப்பிட்டாள்,
ஏழாம் மாடி, லிஃப்ட் அரை அங்குலம் கீழே நிற்கிறதாம்.
போய்ப் பெட்டியைத் திறப்பதற்குள்
கோப்புகளோடு வெளியே வந்த நோட்டரி ஒருவர்
கால் தட்டித் தடுமாறினார்.
அப்படியே நிமிர்ந்து,
ஆரம்பத்திலிருந்தே ஓடத்தான் நினைத்தவர் போல
வராந்தா முழுக்க ஓடிப்போனார்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
அடுத்து யாராவது வருகிறார்களா என்று
கொஞ்ச நேரம் பார்த்தேன்.