பழுப்பாய்த் தெரிய வேண்டியவை

பேரணாம்பட்டு. ஆண். பதினான்கு மாதம்.
கண்ணாடியில் ஒட்டியிருப்பது
முபீனின் பெருங்குடலில் நகக்கண் அளவு.

சாயத்தில் பழுப்பாய்த் தெரிய வேண்டும் அவை:
மெலிந்து, கைகோத்து,
நிமிடத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை
‘நகரு’ என்று தசையை உசுப்பும் செல்கள்.

நரம்பில்லாத பகுதியை அன்றைக்கே வெட்டியாயிற்று.
மிச்சம் நல்ல குடல் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்தான்.
வயிறு இன்னும் தவில் மாதிரி.

இங்கே ஒன்று.
எங்கோ தள்ளி இன்னொன்று,
காட்பாடி அவுட்டரில் பச்சை விழாத ராத்திரியில்
தூரத்து கேட்கீப்பரின் லாந்தர்.
வேறு தேடிக் கண் எரிகிறது.

வெளியே அவன் அத்தா, தோல் ஷாப்புக்காரர்.
கட்டைவிரலை வைத்தாலே
எந்தத் தோல் தேறும் என்பாராம்.
மகன் வயிற்றின்மேல் அந்த விரல்
சும்மா கிடக்கிறது.

நேற்று ராத்திரி வார்டில்
சின்னதாய் ஒரு சத்தம், பின்னால் நாற்றம்.
ஷகீரா பக்கத்துக் கட்டில்காரியை உலுக்கி
‘விட்டுட்டான்கா!’ என்றாளாம்.
நர்ஸ் வந்து சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
‘மிகக் குறைவு’ என்று அடித்தேன்.
‘மிக’வை எடுத்தேன்.
லென்ஸில் திரும்பப் பார்த்தேன்.
போட்டேன்.