மீதிப் பாதி

முந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள்.
ஒவ்வொன்றுக்கும் சரி, அல்லது தவறு.
நடுவில் கட்டம் கிடையாது.
'மற்றவர் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கிறது.'
இடது காலில், முட்டிக்குக் கீழே,
யாரோ தகரம் கிழிக்கிறார்கள்
ஒன்பது வருடமாக.
அது சத்தமா என்று கொஞ்சம் யோசித்து
தவறு என்று போட்டேன்.

சன்னலுக்கு வெளியே
சுப்பீரியர் ஏரி கல்லாய்க் கிடந்தது.
கரையில் தண்டர் பே தானியக் கிடங்குகள்.
நான் விழுந்த ஏணி மூன்றாவதில்.
இங்கிருந்தே காட்டலாம்.

டாக்டர் பெலான்ஷே முதலில் தூக்கத்தைக் கேட்டார்.
பிறகு மாத்திரைக் கணக்கு. பிறகு குடி.
பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு,
சாக நினைத்ததுண்டா.
"பிப்ரவரியில்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"நான் பைத்தியமா என்று பார்க்கவா அனுப்பினார்கள்?"
"கம்பி எங்கே போகிறதென்று சர்ஜனுக்குத் தெரியும்.
யாருக்குள் போகிறதென்று என்னைக் கேட்கிறார்."

தண்டுவடத்தை ஒட்டி இரண்டு கம்பி,
இடுப்புத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு பேட்டரி.
ஒரு வாரம் வெளியே கட்டிப் பார்ப்பார்கள்.
வலி பாதி குறைந்தாலே வெற்றிதானாம்.
"பாதி போதுமா உங்களுக்கு?"
மீன் கடையில் கேட்பதுபோல் கேட்டார்.
மீதிப் பாதியோடு எப்படிக் குடித்தனம் செய்வதென்று
அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் ஆர்வோவை உள்ளே கூப்பிட்டார்.
ஒரு கையில் என் கோட்டு, மறு கையில் அவனுடையது,
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரம்.
"இவருக்கு வலி குறைந்தால் உங்களுக்கு என்ன மாறும்?"
தூங்குவாள், என்றான்.
பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்க வருவாள், என்றான்.
"வேறு?"
ஹீட்டர் ஒருமுறை முனகி அடங்கியது.
ஒன்பது வருடமாக
எனக்குக் காலணி மாட்டிவிடுகிறவன்
தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னான்:
"வேறென்ன, நான் இவளிடம் கோபப்படலாம்."

எதற்கு என்று டாக்டர் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
விற்ற படகு.
சட்பரியில் அவன் அண்ணனைப் புதைத்த அன்று
எனக்கு முடியவில்லை என்று
அவனைப் போகவிடாமல் வைத்திருந்தது.
அன்று எனக்கு முடிந்தது, கொஞ்சம்.
அதைப் பற்றி
முந்நூறு வாக்கியங்களில் ஒன்றுகூட இல்லை.

முடிவு தெரிய மூன்று வாரம்.
கார் பக்கத்தில் வந்தபோது என் நாடா அவிழ்ந்திருந்தது.
அவன் குனிந்தான்.
"காத்திருக்க வேண்டாம்," என்றேன்
அவன் தொப்பியைப் பார்த்து.
"அண்ணனிலிருந்து ஆரம்பி."

ஒன்றும் பேசாமல் முடிச்சிட்டான்,
என்றைக்கும் விட
சற்று இறுக்கமாக.