கேக்குதா

முனிச்சாலை ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
ஜெய்லானி டெஸ்டர் விளக்கைப் பல்லில் கடித்தபடி
என் இண்டிகாவின் முன்பல்லைப் பிடுங்கினான்.
கம்பெனி போட்டுத் தந்த ஸ்டீரியோ,
நாலு ஸ்க்ரூவில் பதினேழு வருஷம் நின்றது,
ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது.
பின்னால் வயர்க்கற்றை.
மஞ்சள் எப்போதும் உயிரோடிருப்பது,
சிவப்பு சாவி போட்டால் மட்டும்,
கறுப்பு பாடிக்குப் போவது.
பாடி என்றால் இங்கே வண்டியின் தகரம்.

சிடி வாய்தான் செத்திருந்தது.
ரேடியோவை நான் இன்னும் சகித்துக்கொள்வேன்,
சௌபர்ணிக்கு ப்ளூடூத் வேண்டும்.
லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது.
முதல் சம்பளத்தில் அவளே வாங்குகிறாள்.
கடை ஸ்டூலில் உட்கார்ந்து
வாரண்டி சீட்டை வக்கீல் மாதிரிப் படிக்கிறாள்.

"பின் ஸ்பீக்கரையும் பாத்துருவோம்ணே"
என்று கதவின் உறையை நெம்பினான் ஜெய்லானி.
க்ளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.
அப்புறம் கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
விளக்கை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணே, இங்க ஸ்பீக்கரே இல்லியே."

வெளியே வட்டமாகச் சல்லடை,
உள்ளே வட்டமாக ஓட்டை.
ரெண்டு வயர் அதுவரைக்கும் வந்து
கம்பெனி டேப் பிரிக்காமல் கிடந்தன.
அடியில், கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே
யாரோ வருஷக்கணக்கில் போட்டுவைத்த
ஐஸ் குச்சிகள். பதினொன்று எண்ணினான்.
"கொறஞ்ச மாடலுக்கு இப்படித்தான்ணே,
சல்லடை மட்டும் குடுப்பான்."

நாலு ஸ்பீக்கர் என்று சொல்லித்தான்
திருமங்கலத்து ஆள் விற்றான்.
நானும் நாலு வட்டம் எண்ணித்தான் வாங்கினேன்.

ஒத்தக்கடையிலிருந்து மேலூர்ப் பள்ளிக்கூடம்.
பின்சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு அவள், எட்டு வயசு.
டீசல் இரைச்சல், கல் லாரிகள்,
ஏசி ஓடாததால் நாலு ஜன்னலும் திறப்பு.
யானைமலை தாண்டியதும் தினமும் கேட்பேன்:
"பாட்டு கேக்குதா?"
"கேக்கலப்பா."
முன்னாலிருந்து பின்னால் தள்ள ஒரு பட்டன் உண்டு.
தள்ளுவேன். என் பக்கம் குறையும்.
எனக்குக் குறைந்ததெல்லாம்
அவளுக்குப் போய்ச் சேர்கிறதென்று இருந்தேன்.
"இப்ப?"
"இல்லப்பா."
பிள்ளை வீம்பு பிடிக்கிறதென்று ஒருநாள் கத்தினேன்,
சிட்டம்பட்டி டோல்கேட்டில், சில்லறை வாங்குகிறபோது.
ராத்திரி பயமாகிவிட்டது.
கே.கே. நகர் காது டாக்டரிடம் போனோம்.
கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி
சத்தம் வந்தால் கை தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினாள், ஒன்று விடாமல்.
"காது தங்கம்" என்றார். முந்நூறு ரூபாய்.

மறுநாள் யானைமலை தாண்டி
"கேக்குதா?" என்றேன்.
கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தாள்.
"கேக்குதுப்பா."
தாளத்துக்குத் தலையைக்கூட ஆட்டினாள்.
பள்ளி முடிகிறவரை
கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து
ஓட்டையை எட்டிப் பார்த்தாள்.
ஒரு குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
"நல்ல ஸ்பீக்கராப் போடு ஜெய்லானி, ரெண்டு பக்கமும்,
அதுக்குக் காசு நான் குடுக்குறேன்" என்றேன்.

சாயங்காலம் அவள் ஓட்டினாள்.
நான் பின்னால் ஏறினேன். ஏனென்று கேட்கவில்லை.
இந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.
முழங்கால் இடிக்கிறது.
ஸ்டெப்னி எங்கேயோ தட்டுகிறது,
இத்தனை வருஷமும் தட்டியிருக்கும்.
முன்னாலிருப்பவர் பேச்சு பாதிதான் வந்து சேர்கிறது.
குருவிக்காரன் சாலைப் பாலத்தில் நெரிசல்.
புது ஸ்க்ரீன் நீலமாக எரிய
விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு நகர்த்தினாள்,
முன்னாலா பின்னாலா, இங்கிருந்து தெரியவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"கேக்குதா?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்து உரசுகிற மாதிரிப் போனது.

"கேக்கலம்மா."

அவள் கத்தவில்லை.
மறுபடி தள்ளினாள்.
முழங்காலுக்குப் பக்கத்தில்
கதவு லேசாக அதிரத் தொடங்கியது.