ஊதா இழை

கண்ணை மூடுங்கள் என்றேன்.
தொடும்போது "இப்போ" என்றால் போதும்.
மேசை மேல் அவள் இடது கை மல்லாந்து கிடந்தது,
பாபாசு எண்ணெய் வாசத்தோடு,
சுண்டுவிரலில் ஆறாத வெட்டோடு.

பச்சை இழை. இரண்டு மூன்று அரிசியின் எடை.
இப்போ, என்றாள் டொமிங்காஸ்.
நீலம். இப்போ.
ஊதா. இப்போ.
ஒன்றும் தப்பவில்லை.

பிறகு நான் எதையும் தொடவில்லை.
நாற்காலியில் கொஞ்சம் அசைந்தேன், அது கிறீச்சிட்டது.
இப்போ, என்றாள்.

மூடிய இமைக்குப் பக்கத்தில்
காது விழித்துக்கொண்டிருந்தது.

கோடரியைத் தொடைக்கடியில் இடுக்கி
அதன் வாயை வானம் பார்க்க வைத்து
இடது கையால் கொட்டையை அதன்மேல் நிறுத்தி
வலது கைக் கட்டையால் ஓங்கிப் போடுகிற வேலை.
நாளுக்கு ஐந்து கிலோ பருப்பு, நான்கு பிள்ளைகள்.
விரல் வெட்டுப்பட்டதை
வெள்ளைப் பருப்பு சிவந்த பிறகுதான் கண்டாளாம்.
தேறாத கைக்குக் கோடரி கிடையாது என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள் அவளிடம்.
யாரோ இல்லை.
போன வருஷம் அவள் நாத்தனாரிடம் நான்தான் சொன்னேன்.

வானொலியைச் சத்தமாக வைத்தேன். பந்தாட்டம்.
மறுபடி பச்சை. மறுபடி நீலம்.
ஊதா இழை விரலில் வில்லாய் வளைந்தது.
கோல், என்று சாவோ லூயிஸ் முழுக்கக் கத்தியது.
அவள் வாய் திறக்கவில்லை.

முழங்கைக்குப் பின்னால் தடவினால்
நரம்பு, பென்சில் தடிப்பில்.
முதுகில் அவள் பார்த்திராத திட்டுகள்,
தடித்த காது மடல்.
நோயின் பழைய பெயரை இந்த நாட்டில் சட்டம் நீக்கிவிட்டது.
மியரிம் ஆற்றங்கரைச் சந்தை இன்னும் நீக்கவில்லை.

மாதம் ஓர் அட்டை, பன்னிரண்டு அட்டை.
முதல் வேளையை என் முன்னால் விழுங்கினாள்.
சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும், பயப்படாதே என்றேன்.
நரம்பு ஒருநாள் சினந்து எழலாம் என்பதைச் சொல்ல மறந்தேன்.
மறந்தேனா,
பயந்து மாத்திரையை விட்டுவிடுவாள் என்று மறைத்தேனா?
அவள் பொய்யையாவது ஒரு நாற்காலி காட்டிக்கொடுத்தது.

ஐந்தாம் மாதம் மழை, பாலம் போய்விட்டது.
முழங்கைக்குள் தீ,
திட்டுகள் வீங்கிச் சிவந்து
புதுசாய் முளைத்தவை போல.
மருந்துதான் உன்னைத் தின்கிறது என்றானாம் புருஷன்.
பத்தொன்பது நாள் கழித்துப் படகில் வந்தாள்.
அதற்குள் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன,
எதையோ பிடித்துக்கொண்டு
தரமாட்டேன் என்கிற குழந்தையின் விரல்கள் மாதிரி.

நோய் திரும்பவில்லை, டொமிங்காஸ்.
செத்த கிருமியின் பிணத்தோடு உன் உடம்பு போடும் சண்டை இது.
அட்டையை நிறுத்தாதே.
முதலில் பூச்சி மருந்து, பிறகு ஸ்டீராய்டு,
வாரக்கணக்கில் படி இறங்குகிற மாதிரி குறைக்கணும்.
தண்ணீர்க் குழாயை நெருப்பில் வாட்டி
கைக்கு அணைப்புப் பட்டை செய்தேன்.
மோதிர விரல் பாதி நிமிர்ந்தது.
சுண்டுவிரல் வரவில்லை.
பத்தொன்பது நாளை எங்கள் பதிவேட்டில்
எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை.

இப்போது கொட்டையைக் கவட்டைக் குச்சியால் பிடிக்கிறாள்.
மூன்று கிலோதான் தேறுகிறது.
இரவில் விளக்கடியில் உட்கார்ந்து
விரல் விரலாய்த் திருப்பிப் பார்க்கிறாள்,
கொப்புளம் உண்டா, முள் உண்டா என்று.

பன்னிரண்டாம் அட்டை முடிந்த அன்று
கண்ணை மூடு என்றேன்.
இனிமேல் கண்ணால்தான் தொடணும்னு நீதானே சொன்னே,
அப்புறம் எதுக்கு மூடச் சொல்றே?
பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
நீ மூடு.

மூடினேன்.
கை மல்லாந்து கிடந்தது, என்னுடையது.
வெளியே யாரோ கொட்டை உடைக்கும் சத்தம்.
அவள் மூச்சு. நாற்காலி.
ரொம்ப நேரம்.

இப்போ, என்றேன்.

கண் திறந்தால்
ஊதா இழை பெட்டியிலேயே இருந்தது.